பிறந்த பிள்ளைக்கு ஒரு விளக்கு: ஹாங்காங் கிராமங்களிலிருந்து

2025 பிப்ரவரி 7, வெள்ளி (சீனக் கணக்கில் முதல் மாதம் 10)

ஜனவரி 29 அன்று பிறந்த பாம்பு ஆண்டின் கொண்டாட்டம் ஹாங்காங்கில் இன்னும் ஓயவில்லை. சீனர்களுக்கு முதல் மாதப் பௌர்ணமி வரை புத்தாண்டுதான். அந்தப் பௌர்ணமி நாளே யுவான்ஷியாவ் என்கிற விளக்குத் திருவிழா. மாலையில் சிம் ஷா சுய் கரையோரம் நடந்தபோது எங்கே திரும்பினாலும் காகித விளக்குகள், பட்டுத்துணி விளக்குகள், தாமரையும் மீனுமாக ஆளுயர உருவங்கள். கூட்டம் முழுக்கக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நகர்கிறது.

இந்தத் திருவிழாவின் வேர் இரண்டாயிரம் ஆண்டு ஆழத்தில் இருக்கிறது. ஹான் பேரரசர் வூ காலத்தில், அதாவது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், தாய்யி என்ற வானத்துத் தெய்வத்துக்கு முதல் மாதத்தில் ஓர் இரவு முழுக்க, அந்தி தொடங்கி விடியும் வரை, வழிபாடு நடந்திருக்கிறது. பிறகு புத்தருக்கு விளக்கு ஏற்றும் வழக்கம் வந்து சேர்ந்தது. தாவோ மதத்தார் அதே பௌர்ணமியை வானுலக அதிகாரியின் பிறந்தநாள் என்றார்கள். மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. தாங் பேரரசின் தலைநகர் சாங்ஆனில் தினமும் இரவு முரசு அடித்ததும் தெருவாசல்களைச் சாத்திவிடுவார்கள். அதற்கு மேல் வெளியே திரிந்தால் பிரம்படி. முதல் மாதப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று இரவுகளில் மட்டும் அந்தத் தடை கிடையாது. ஆண்டு முழுக்க இருட்டியதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊருக்கு மூன்று இரவுகள் தெரு முழுக்க வெளிச்சமும், யாரும் எங்கும் போகலாம் என்ற அனுமதியும் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்! சோங் காலத்தில் மூன்று இரவு ஐந்தானது, மிங் காலத்தில் பத்து.

நான் இத்தனை தூரம் வந்தது இதைப் பார்க்க அல்ல. இதே நாட்களில், ஹாங்காங்கின் வடக்குப் பகுதியான நியூ டெரிட்டரீஸ் கிராமங்களில் இன்னொரு விளக்கு ஏறுகிறது. போன ஆண்டு ஆண்பிள்ளை பிறந்த வீட்டார், குலத்தின் மூதாதையர் மண்டபத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்கு ஏற்றுவார்கள். கான்டனீஸ் மொழியில் இதற்கு டிம் டங் என்று பெயர், விளக்கேற்றல். வேலை வழியாகப் பழக்கமான தோழி ஒருத்தி ஃபன்லிங் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவளுடைய அண்ணன் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "திங்கட்கிழமை விளக்கு ஏத்தறோம், நீ வந்துடு" என்றாள். அதற்கு முன் இந்தக் குலங்களின் ஊர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்று முன்கூட்டியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி (முதல் மாதம் 11)

நல்ல குளிர். தங் குலத்தாரின் ஊரான பிங் ஷானுக்குப் போக டின் ஷுய் வாய் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். நிலையத்தை ஒட்டியே சுய் சிங் லாவ் கோபுரம் நிற்கிறது. ஆறு பக்கம், மூன்று அடுக்கு. ஹாங்காங்கில் மிஞ்சியிருக்கும் ஒரே பழங்காலக் கோபுரம் இதுதான். வடக்கிலிருந்து வரும் தீய சக்தியைத் தடுக்கவும், ஊர்ப் பிள்ளைகள் அரசுத் தேர்வில் தேறவும் 600 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. பின்னாலேயே அடுக்குமாடிகள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. சின்னக் கோபுரம்தான். பார்த்துவிட்டு நடையைக் கட்டினேன்.

தங் குலத்தாரின் மூதாதையர் மண்டபத்துக்குள் நுழைந்ததும்தான் கால் நின்றது. (பேரரசு ஆண்ட தாங் வம்சத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) சுமார் 700 ஆண்டுப் பழமை. மூன்று கட்டு, இரண்டு முற்றம். முன் முற்றத்தின் நடுவே செந்நிற மணற்கல் பாவிய உயர்ந்த நடைபாதை ஓடுகிறது. குலத்தில் யாராவது அரசாங்கத்தில் பெரும் பதவி வகித்திருந்தால்தான் இப்படி ஒரு பாதை போட முடியும். கூரை முகட்டில் ஷிவான் என்ற ஊரின் சுடுமண் மீன்களும், கிலின் என்கிற புராண விலங்குகளும். கடைசிக் கட்டில், படிப்படியாக உயரும் மேடையில், மூதாதையர் பெயர் எழுதிய மரப்பலகைகள் வரிசை வரிசையாக. மேல் வரிசைக்குப் போகப் போகத் தலைமுறை பின்னோக்கிப் போகிறது. அங்கே சிலை எதுவும் கிடையாது. இந்தக் குலத்தில் பிறந்து இறந்தவர்களின் பெயர்களைத்தான் கும்பிடுகிறார்கள்.

ஜியாங்சி மாகாணத்திலிருந்து சோங் காலத்தில் தெற்கே வந்து காம் டின்னில் குடியேறியது தங் குலம். அதிலிருந்து பிரிந்த கிளை பிங் ஷான். நியூ டெரிட்டரீஸின் ஐந்து பெருங்குலங்களில் இவர்கள்தான் முதலில் வந்தவர்கள். பக்கத்து மண்டபம் யூ கியூ, பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இரண்டு சகோதரர்கள் கட்டியது. 1931 முதல் 1961 வரை அதற்குள் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. செத்தவர்களுக்குக் கட்டிய இடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்ததை நினைக்க எனக்கு நிறைவாக இருந்தது.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நான் அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, விளக்குகள் தொங்கும் இடத்தைக் கையால் காட்டினார். மற்றதை அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஏன் விளக்கு? இதற்கு விடை ஓசையில் இருக்கிறது. விளக்குக்கு கான்டனீஸில் டங். ஆண்பிள்ளையைக் குறிக்கும் சொல் டிங். ஹக்கா மொழியிலும் ஃபூஜியன் மாகாணத்து மின்னான் மொழியிலும் இரண்டும் ஒரே ஓசை. ஆகவே விளக்கைக் கூட்டினால் ஆண்பிள்ளையைக் கூட்டியதாகிறது. ஃபூஜியனின் குவான்சோ நகரில், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே ஊரில், புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் முதல் மாதத்தில் விளக்கு அனுப்புவார்கள். சீக்கிரம் பிள்ளை பிறக்கட்டும் என்பதற்கான சீர் அது.

ஓசைப் பொருத்தத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. டிங் என்ற அந்தச் சொல் அரசாங்கக் கணக்குப் புத்தகத்துச் சொல். வரி கட்ட வேண்டிய, கட்டாய வேலைக்குப் போக வேண்டிய வயதுவந்த ஆணை அரசு ஒரு டிங் என்று எண்ணியது. தலைக்கு இவ்வளவு வரி. 1712இல் காங்சி பேரரசர், இனிமேல் பிறப்பவர்களுக்குப் புதிதாகத் தலைவரி கூடாது என்று அறிவித்தார். அவருடைய மகன் காலத்தில் தலைவரி நிலவரியோடு கரைந்துபோனது. அதுவரை எத்தனையோ வீடுகள் அதிகாரிகளிடம் ஆண்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டத்தான் பார்த்திருக்கும். அதே எண்ணிக்கையைக் குலத்தின் முன்னால் விளக்கேற்றிக் காட்டியிருக்கிறார்கள். இந்த முரண் ராத்திரி ரயிலில் திரும்பும் வரை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு (முதல் மாதம் 12)

ஃபன்லிங் நிலையத்திலிருந்து 54கே மினிபஸ் பிடித்து லுங் யியூக் தாவ். இங்கேயும் தங் குலம்தான், வேறு கிளை. ஐந்து மதில் சூழ்ந்த குடியிருப்புகள், ஆறு திறந்த கிராமங்கள். லோ வாய் என்ற மதில் குடியிருப்பின் வாசலில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நுழைய முடியாது. கடற்கொள்ளையரும் அண்டை ஊர்ப் பகையும் இருந்த காலத்து வாசல்.

1525இல் கட்டிய தங் சுங் லிங் மண்டபம் இங்கே பார்க்க வேண்டியது. குல வரலாற்றுப்படி, வடக்கே படையெடுப்பில் சோங் அரசகுடும்பம் சிதறியபோது தப்பிவந்த ஓர் இளவரசியைத் தங் குலத்தார் அடைக்கலம் கொடுத்து வளர்த்தார்கள். அவள் தங் வாய்-காப் என்பவரை மணந்தாள். இந்த ஊர்க்காரர்கள் அவளுடைய மூத்த மகனின் வழி. அவளுக்கும் அவள் கணவருக்கும் உள்ள பெயர்ப்பலகைகளில் மட்டும் டிராகன் செதுக்கியிருக்கிறது, மற்ற பலகைகள் எளிமையாக இருக்கின்றன.

அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இந்தக் குலங்களின் வம்சாவளி ஏடுகளில் மனைவியரைப் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். இன்ன குலத்துப் பெண், அவ்வளவுதான். மகள்கள் பெரும்பாலும் ஏட்டிலேயே வருவதில்லை. ஒரு பெண்ணை இத்தனை தலைமுறை நினைவில் வைத்துக்கொள்ள அவள் சக்கரவர்த்தி மகளாக இருக்க வேண்டியிருந்திருக்கிறது.

கால் வலி. மீதி மதில் ஊர்களை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

பிப்ரவரி 10, திங்கள் (முதல் மாதம் 13)

இன்று எழுத நிறைய இருக்கிறது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் போட வேண்டாம் என்று தோழி கேட்டுக்கொண்டாள். நியாயம்தான்.

விளக்கு ஏற்றும் நாள் ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் முதல் வாரம் முடிந்ததுமே ஏற்றிவிடுவார்கள். இந்த ஊரில் 13ஆம் நாள் ஏற்றி 16ஆம் நாள் காலை இறக்குகிறார்கள். பிள்ளை ஆறு மாதமோ, பத்து நாளோ, முந்தின ஆண்டு விளக்கு இறக்கிய பிறகு பிறந்ததென்றால் இந்த ஆண்டு அதற்கு இடம் உண்டு.

நான் போனபோது மண்டபத்து முற்றத்தில் விளக்குகள் தரையில் இருந்தன. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மூங்கிலைப் பிளந்து சீவிய மெல்லிய சிம்புகளில் கட்டிய அறுகோணக் கூடு. முடிச்சு எல்லாம் காகிதத் திரியால் போட்டது, கம்பி கிடையாது. அதன் மேல் ரோஜா நிறம், பச்சை, மஞ்சள் என்று காகிதம். ஒவ்வொரு மூலையிலும் சரிகைக் காகிதக் குஞ்சம். ஒரு பக்கம் வெட்டுக்காகிதத்தில் குதிரை மேல் வரும் ஒரு தேர்வு வெற்றியாளன், இன்னொரு பக்கம் மீன் பிடித்திருக்கும் பாலகன். நடுவில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அதில் கடலை எண்ணெய், பஞ்சுத் திரி. அடியில் ஒரு சிவப்புத் தாள் தொங்குகிறது. தாளில் மையால் எழுதியது பிள்ளையின் பெயர்.

பலகைகளுக்கு முன் மேசை. முழுசாக வாட்டிய பன்றி, தோல் மொறுமொறுவென்று பளபளத்தது. தலையோடு வேகவைத்த கோழி, சாராயக் கோப்பைகள், தேநீர், சாயம் தோய்த்த சிவப்பு முட்டை, ஊறவைத்த இஞ்சி. காய்கறித் தட்டில் லெட்டூஸ், வெங்காயத்தாள், செலரி. மூன்றும் கான்டனீஸில் செல்வம், புத்திசாலித்தனம், உழைப்பு ஆகியவற்றை ஓசையால் நினைவூட்டுபவை. பக்கத்தில் முளையோடு கிடந்த கிழங்கைக் காட்டி என்ன என்று கேட்டேன். நீரில் விளையும் ஒரு கிழங்கு, பிள்ளை கேட்பவர்கள் புத்தாண்டுக்குச் சமைப்பது என்றாள் தோழி. அந்த முளைதான் ஆண்குழந்தைக்கு அடையாளமாம்.

சாயங்காலம் ஐந்து மணி போல ஊர் கூடியது. முரசும் தாளமும் முற்றத்தில் முழங்கின. ஹாங்காங்கில் 1967 கலவரத்துக்குப் பிறகு வெடி வெடிக்கத் தடை, அதனால் முரசுதான் எல்லாவற்றுக்கும் ஈடுகட்ட வேண்டும். குலத்து மூத்தவர், தோழிக்குப் பெரியப்பா முறை, ஊதுவத்தியை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு மூதாதையரிடம் பேசினார். மந்திரம் எதுவும் இல்லை. இன்ன தலைமுறையில், இன்ன கிளையில், இன்னாருக்கு மகன் பிறந்திருக்கிறான், பெயர் இது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொன்னார். தகவல் தெரிவிக்கும் குரல். எனக்கு அதுதான் உருக்கமாக இருந்தது. வரம் எதுவும் கேட்கவில்லை, வீட்டில் பிறந்த சேதியை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்கிறார், அவ்வளவே.

பிறகு பிறந்த வரிசைப்படி விளக்குகள் ஏறின. பிள்ளையின் தாத்தா திரியைக் கொளுத்த, அப்பா கயிற்றை இழுக்கிறார். உத்திரத்தில் மாட்டிய கப்பியில் கயிறு ஓட, விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. வேகமாக இழுத்தால் எண்ணெய் தளும்பும், காகிதம் பற்றிக்கொள்ளும். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. மேலே போய் நின்றதும் ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், கைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன.

மொத்தம் ஐந்தே விளக்குகள். தன் சின்ன வயதில் உத்திரம் தெரியாமல் தொங்கும் என்றாள் தோழி. உலகிலேயே பிறப்பு விகிதம் மிகக் குறைந்த இடங்களில் ஒன்று ஹாங்காங். ஐந்தில் ஒரு பிள்ளை மான்செஸ்டரில் பிறந்தவன். 1950களிலும் 60களிலும் நியூ டெரிட்டரீஸ் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக பிரிட்டனுக்குப் போய்ச் சீன உணவகம் நடத்தினார்கள். மூன்றாம் தலைமுறை அங்கேயே பிறந்து வளர்கிறது. இந்த அப்பாவுக்குக் கான்டனீஸ் தடுமாறுகிறது, ஆனாலும் விளக்குக்காகப் பதின்மூன்று மணி நேரம் விமானத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "இங்கே விளக்கு ஏத்தலேன்னா என் மகன் இந்த ஊர்க்காரன் இல்லை" என்றார்.

விளக்கு முதல் மாதம் 16ஆம் நாள் வரை அணையக் கூடாது. காலையும் மாலையும் முறை வைத்து எண்ணெய் விடுகிறார்கள், ராத்திரி இரண்டு பேர் காவல். நான் கிளம்பும்போது மடக்குக் கட்டில் போட்டுப் படுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய் (முதல் மாதம் 14)

இன்று நம் ஊரில் தைப்பூசம். இங்கே மழைமூட்டம். காலை முழுக்கத் தோழியின் வீட்டில் பேச்சுதான்.

மான்செஸ்டர்க்காரர் சொன்னதில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. பெருங்குலங்களின் நிலத்தில் ஒரு பகுதி மூதாதையர் பெயரில் பொதுச்சொத்தாக இருக்கிறது. அந்த வருமானத்தில் மண்டபப் பராமரிப்பு, வழிபாடு போக மீதி, குலத்து ஆண்களுக்குப் பங்கு. "தாத்தா பன்றிக்கறி பிரிக்கிறார், எல்லாருக்கும் பங்கு உண்டு" என்று கான்டனீஸில் ஒரு வழக்கு. மூதாதையர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் நாளில் படைத்த பன்றியை வெட்டிக் குலத்து ஆண்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதிலிருந்து வந்தது. இதைக் கேட்டதுமே எனக்கு நம்முடைய பங்காளி என்ற சொல்லின் முழு எடையும் புரிந்தது. நம் ஊர்க் கோயில் கொடையில் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டு போலத்தான் இந்த விளக்கும். பெயர் ஏறினால் உரிமையும் ஏறும், கடமையும் ஏறும். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது? ஊர் முழுக்கக் கூடிநின்று பார்த்த விளக்குதான் சாட்சி.

இதில் நவீன அரசாங்கமும் வந்து சேர்ந்தது. 1898இல் பிரிட்டன் இந்தப் பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அப்போது இருந்த கிராமங்களின் ஆண்வழி வாரிசுகளுக்கு 1972இல் ஒரு சலுகை வந்தது. 18 வயதான ஒவ்வோர் ஆணும் வாழ்நாளில் ஒருமுறை, தன் கிராமத்தில் ஒரு சிறு வீடு கட்ட அனுமதி கேட்கலாம். மூன்று மாடி, 27 அடி உயரம், தளத்துக்கு 700 சதுர அடி. சதுர அடிக்கு உயிரை விடுகிற ஹாங்காங்கில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லத் தேவையில்லை. மக்கள் இதை அழைக்கும் பெயர் டிங் வீடு. பழைய தலைவரிக் கணக்கின் அதே டிங்! 2021இல் ஹாங்காங்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆண்வாரிசு என்று நிரூபிக்க இன்று அரசு ஆவணங்கள் உண்டு, விளக்கைக் காட்டி யாரும் வீடு வாங்குவதில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: குலம் என்பது ஆண்கள் வழியாக ஓடுவது.

தோழி தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க அண்ணனுக்கு விளக்கு ஏத்தினாங்க. எனக்கு ஏத்தலை. அப்பா சாகும்போது நிலமும் அண்ணனுக்குத்தான்னு பேசினாங்க." 1994 வரை நியூ டெரிட்டரீஸில் உயில் இல்லாத நிலம் வழக்கப்படி மகன்களுக்கு மட்டுமே போகும். அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது கிராமத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள், கிராமத்துப் பெண்கள் சிலர் எதிர்த்திசையில் தெருவில் இறங்கினார்கள். சட்டம் நிறைவேறியது. இப்போது மகளுக்கும் சொத்து வரும். மண்டபத்து விளக்கை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று அந்த விளக்குகள் ஏறியபோது என் கண் கலங்கியது நிஜம். ஒரு குழந்தை பிறந்ததை ஊரே நின்று ஏற்றுக்கொள்வது அபூர்வமான காரியம். அந்தக் காரியத்தில் பாதிக் குழந்தைகள் வாசலுக்கு வெளியே நிற்பதும் அதே அளவுக்கு நிஜம். நம் ஊரில் விளக்கேற்ற மருமகள் வேண்டும் என்போம், ஆனால் வாரிசு என்று யாரை எழுதினோம்? எனக்கு இவர்கள்மேல் குறை சொல்ல வரவில்லை, வருத்தம்தான் வருகிறது.

பிப்ரவரி 12, புதன் (முதல் மாதம் 15)

பௌர்ணமி. மதியம் தோழியின் அம்மா டாங் யுவன் செய்தார். பச்சரிசி போன்ற ஒட்டரிசி மாவை உருட்டி, உள்ளே கறுப்பு எள்ளும் சர்க்கரையும் வைத்து, இஞ்சி போட்ட வெல்லத் தண்ணீரில் கொதிக்கவிடுகிறார்கள். உருண்டை மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டது. கொழுக்கட்டைப் பூரணம் தெரிந்தவர்களுக்கு ருசி பழகியதாகவே இருக்கும்.

இரவு மண்டபத்து முற்றத்தில் விளக்கு விருந்து. பிள்ளை பெற்ற ஐந்து வீட்டார் சேர்ந்து செலவு. மேசைக்குப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒரே பெரிய தவலை. பூன் சோய் என்பது இதுதான். அடியில் முள்ளங்கி, பன்றித்தோல், அதன் மேல் புளிக்கவைத்த சோயா விழுதில் மணிக்கணக்காக வெந்த பன்றிக்கறி, அதற்கு மேல் மீன் உருண்டை, காளான், உச்சியில் கோழியும் இறாலும். மேலிருந்து தோண்டித் தின்றுகொண்டே போக வேண்டும். எல்லாக் குழம்பும் இறங்கி ஊறிய அடி முள்ளங்கிதான் இருப்பதிலேயே ருசி. மங்கோலியருக்குத் தப்பி ஓடிவந்த சோங் சிறுவர் பேரரசரின் பரிவாரத்துக்குப் பாத்திரம் போதாமல், கிராமத்தார் முகம் கழுவும் தொட்டியில் சாப்பாடு கொடுத்த கதையை ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். கதை எப்படியோ, பணக்காரனும் ஏழையும் ஒரே தவலையில் கை வைப்பது பெரிய விஷயம்.

மண்டபத்துச் சுவரில் ஐந்து பெயர்களையும் சிவப்புத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். விருந்துக்கு நடுவே எழுந்துபோய்ப் பலரும் அதைப் படித்துவிட்டு வந்தார்கள். ஒரு சிறுமி, ஆறேழு வயதிருக்கும், புதுத் தம்பியின் பெயரை விரலால் தடவி எழுத்துக்கூட்டினாள்.

பிப்ரவரி 13, வியாழன் (முதல் மாதம் 16)

காலை எட்டு மணிக்கெல்லாம் விளக்கை இறக்கிவிட்டார்கள். ஏற்றியபோது இருந்த கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. மறுபடி ஊதுவத்தி, மறுபடி பெரியப்பா இரண்டு வார்த்தை. பெயர்த்தாளை மட்டும் அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கூட்டைத் தாள் எரிக்கும் உலையில் போட்டார்கள். மூங்கில் வெடித்து எரிந்தது. பெயரை வம்சாவளி ஏட்டில் சேர்ப்பது பிறகு, ஏட்டைத் திருத்தி எழுதும்போது.

பெரியப்பா ஓய்வாக உட்கார்ந்த நேரம் பார்த்து, தோழியை மொழிபெயர்க்கச் சொல்லி, பெண்குழந்தைக்கு ஒரு விளக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கோபப்படுவாரோ என்ற பயம் இருந்தது. கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மகள் இன்னொரு குலத்துக்குப் போறவ. அங்கே அவ பெயர் இருக்கும்" என்றார். அங்கே குடும்பப் பெயர் மட்டும்தானே இருக்கிறது என்றேன். தலையாட்டினார். பிறகு தோழியைப் பார்த்து, அவளுடைய இன்னொரு அண்ணன் மகள் மாசமாக இருப்பது பற்றி விசாரித்தார்.

வழியில் தோழி தானாகவே ஆரம்பித்தாள். கிளைக் குடும்பங்களின் கூட்டம் வசந்தகால வழிபாட்டுக்குப் பிறகு நடக்கும். தம்பி வீட்டில் பிறந்திருக்கும் பெண்குழந்தையின் பெயரைச் சிவப்புத் தாளில் சேர்க்கச் சொல்லி அங்கே கேட்கப் போகிறாளாம். "விளக்கு அப்புறம், முதல்ல பெயர்" என்றாள். கேட்கட்டும். நான் அவள் பக்கம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிங் ஷானுக்கும் லுங் யியூக் தாவுக்கும் தலா அரைநாள் போதும். மண்டபங்களுக்குக் கட்டணம் இல்லை, மதியம் ஒரு மணி நேரம் சாத்திவிடுவார்கள். தங் சுங் லிங் மண்டபத்துக்குச் செவ்வாய் விடுமுறை. விளக்கேற்றும் சடங்கு சுற்றுலா நிகழ்ச்சி கிடையாது, குடும்ப விசேஷம். அழைப்பு இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஆனால் முதல் மாதத்தில் போனால் மண்டபத்தில் விளக்குகள் தொங்குவதை வாசலில் நின்று பார்க்கலாம். அந்தப் பௌர்ணமி ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வரும் (2026இல் மார்ச் 3), ஆகவே தேதியைப் பார்த்துக்கொண்டு அதற்குச் சில நாள் முன்பே போய்விடுவது நல்லது.